பாதிச் சீனியில் காய்ச்சிய அன்னாசி ஜாம்

திருகோணமலை.

அன்புள்ள மகள் கௌசிகாவுக்கு,

பத்திரகாளி அம்பாள் துணையில் நான் சுகமாயிருக்கிறேன், நீயும் மருமகனும் அந்தக் குளிரில் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். முதலில் ஒரு கதையைத் திருத்த வேண்டும். அம்மாவுக்குக் கண் மங்கிவிட்டது, அதனால்தான் பழுதான ஜாமைத் தெரியாமல் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டா என்று உன் மச்சான் இராகுலன் உனக்குச் சொன்னானாம். எங்கள் ஒழுங்கைச் சனம் முழுவதும் அதே கதைதான். என் கண்ணுக்கு ஒன்றுமில்லை. இந்தக் கடிதத்தில் ஒரு வரியாவது கோணியிருக்கிறதா, பார்.

நீ தைப்பொங்கலுக்கு வந்து நின்றபோது காய்ச்சிய அன்னாசி ஜாமில், பக்கத்து வீட்டு ஜவ்பருக்குச் சீனி வருத்தம் என்று நான் பாதிச் சீனிதான் போட்டேன். சீனி குறைந்தால் ஜாம் நில்லாது என்று கொன்வென்டில் சிஸ்டர் படிப்பித்தது மறக்கவில்லை, எனக்குத் தெரியாத ஜாமா என்ற எண்ணம். நோன்புப் பெருநாளன்று ஜவ்பரின் மனைவி நஸ்ரியா வழக்கம்போல ஒரு கோப்பை இனிப்பு வட்டிலாப்பம் கொண்டுவந்தாள். அந்தக் கோப்பையை வெறுமையாகத் திருப்பிக் கொடுத்து எனக்குப் பழக்கமில்லை. அலுமாரியில் இருந்த கடைசிப் போத்தலின் மூடி நடுவில் உயர்ந்து நின்றது, திறந்தால் புஸ்ஸென்று நுரை, கள்ளு மணம். மூடி வீங்கினால் நாக்கில் வைத்தும் பாராமல் எறி என்று உனக்கு எத்தனை தரம் சொன்னவள் நான். நுரையை வழித்துவிட்டு, திரும்பக் கொதிக்க வைத்து, வேறு போத்தலில் ஊற்றிக் கொடுத்தேன். நஸ்ரியா இரண்டு நாள் சத்தியெடுத்து ஆஸ்பத்திரியில் சேலைன் ஏற்றிக்கொண்டு கிடந்தாள். உள்ளதைச் சொல்லத்தான் பார்க்கப் போனேன். அவள் என் கையைப் பிடித்து, "யோசிக்காதீங்க டீச்சர், கண்ணு தெரியாம நடந்தது தானே, எங்கட உம்மா கறிக்கு உப்பெண்டு சீனியப் போட்டவ" என்று சிரித்தாள். நான் ஓம் என்றேன். போன வருஷம் அவள் தந்த தேசிக்காய் ஊறுகாயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, பழுதென்று திருப்பிக் கொடுத்தவள் நான், கண் தெரியாதென்றதற்கு ஓம் என்றேன். இப்போது அவள் வீட்டிலிருந்து வரும் சாப்பாட்டில் கை வைக்க ஏலாமல் இருக்கிறது. இன்று பின்னேரம் போய்ச் சொல்லப் போகிறேன். இனி என் கையால் எதையும் வாங்கமாட்டேன் என்று அவள் சொன்னாலும் நியாயம்தான்.

நீ திரும்பிப் போகும்போது உன் பெட்டியில் நான் வைத்துவிட்ட இரண்டு போத்தலும் அதே சட்டியில் காய்ச்சியவை. நேற்றுப் போனில் அவற்றை எறி என்றேன், நீ ஏன் என்று கேட்டாய், லைன் வெட்டுகிறது என்று வைத்துவிட்டேன். லைன் வெட்டவில்லை. மூடி நல்லாயிருக்கிறது என்று நம்பாதே, வழித்துக் காய்ச்சாதே. கண் டொக்டரிடம் எனக்காக நீ பதிந்த நாளையும் நிறுத்திவிடு. உங்கள் இருவருக்கும் என் ஆசீர்வாதம். போனில் என்றால் நான் மறுபடியும் ஏதாவது சொல்லித் தப்பிவிடுவேன். இரண்டு போத்தலையும் எறிந்துவிட்டாயா, அதற்கு முன் யாராவது சாப்பிட்டீர்களா என்று கடதாசியில் எழுதி அனுப்பு.

இப்படிக்கு,
அம்மா
மகேஸ்வரி கனகசுந்தரம்