நாலு வரி அறிமுகம்

மார்ச் 3

அன்புள்ள மைனா,

நலம். நீ நலமாக இருப்பது உன் புது ஆய்வு நிலையத்தின் இணையப் பக்கத்திலேயே தெரிகிறது. முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரிக்கிறாய். போனில் கேட்டால் இதே சிரிப்பைச் சிரித்து மழுப்பிவிடுவாய் என்பதால் எழுத்தில் கேட்கிறேன்.

படத்துக்குக் கீழே உன்னைப் பற்றி நாலு வரி. அதில் மூன்றாவது வரி இது: "எலி மூளைகளை மூன்று ஆண்டுகள் சீவி, செல்களை எண்ணி, ஒரு பக்க மீசையைத் தொட்டுப் பழக்கினால் மூளையின் எதிர்ப் பக்கம் மட்டும் மாறுகிறது என்று நிறுவியவர்."

அடியே, சீவியது யார்? குளிர் அறையில் விரல் மரத்துப்போக, மயிரிழை கனத்தில் நாலாயிரத்துச் சொச்சம் சீவல் சீவி, ஒவ்வொன்றையும் தூரிகையால் ஏந்திக் கண்ணாடியில் படியவைத்தது யார்? சும்மாவா எனக்குக் 'கத்தி' என்று பேர் வைத்தீர்கள்? எலிகளைப் பழக்கியது நீ. அதில் உன்னை அடித்துக்கொள்ள ஆளில்லை. அதை எழுது, நானே ஊரெல்லாம் போய்ச் சொல்கிறேன். என் மூன்று வருஷத்தை எடுத்து நீ போட்டுக்கொண்டால் எனக்கு வயிறு எரிகிறது.

அந்த வரியைத் திருத்திவிடு. வேறொன்றும் கேட்கவில்லை.

உன்
கத்தி

மார்ச் 21

அன்புக் கத்திக்கு,

உன் கடிதத்தைக் கையில் எடுத்ததுமே சுட்டது. ஏன்டி இவ்வளவு கோபம்? அந்த நாலு வரியை எழுதியது அலுவலகத்துக்காரர்கள். நான் 'நாங்கள்' என்றுதான் கொடுத்தேன். இடம் போதவில்லையென்று ஆளைக் குறைத்துவிட்டார்கள். திருத்தச் சொன்னால் படிவத்துக்கு மேல் படிவம் நீட்டுகிறார்கள்.

அதை யார் உட்கார்ந்து படிக்கப்போகிறார்கள்? ஆய்வுக் கட்டுரையில் உன் பேர் இரண்டாவதாக இருக்கிறதே, அது போதாதா? உன் வேலை, என் வேலை என்று நாம் எப்போது பிரித்துப் பார்த்தோம்? நேரத்துக்குச் சாப்பிடு. கோபத்தில் பட்டினி கிடப்பவள் நீ.

என்றும் உன்
மைனா

ஜூன் 2

அன்புள்ள மைனா,

யார் படிக்கப்போகிறார்கள் என்று கேட்டாய். மூன்று பேர் படித்திருக்கிறார்கள். மூன்று பேரும் மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார்கள். என் தற்காலிக வேலை ஜூலையோடு முடிகிறது, தெரியுமல்லவா? நிரந்தர வேலைக்கான நேர்காணல் அது.

தலைவர் மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு, "இதெல்லாம் வேற ஒருத்தங்க செஞ்சதா அவங்க பக்கத்துல போட்டிருக்கே. அப்போ நீங்க என்னதான் செஞ்சீங்க?" என்றார்.

"சீவினதும் நான்தாங்க, எண்ணினதும் நான்தாங்க."

"எல்லாரும் அப்படித்தாம்மா சொல்றாங்க" என்று பக்கத்திலிருந்தவர் சிரித்தார். அந்தச் சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. திருடியைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தார்கள், மைனா. என்னை!

ஆதாரத்தோடு ஜூலை ஏழாம் தேதி வரச் சொல்லியிருக்கிறார்கள். நான் செய்த வேலைக்கு நானே சாட்சி தேடி அலைகிறேன். நீ அந்த ஒரு வரியைத் திருத்தினால் விஷயம் முடிந்தது. உனக்கு அது அரை நாள் வேலை. எனக்கு அதுதான் பிழைப்பு.

கத்தி

ஜூன் 12

அன்புள்ள கத்தி,

படித்துவிட்டு மனசே சரியில்லை. நம் பேராசிரியரிடம் பேசினேன். "இப்போ போய் அதைத் தொட்டா சந்தேகம்தான் வரும். உன் வருஷ மதிப்பீடு முடியட்டும்மா" என்கிறார். செப்டம்பரில் முடிந்துவிடும். என் நாற்காலியும் இங்கே ஆடிக்கொண்டுதான் இருக்கிறது, சொன்னால் நம்பமாட்டாய்.

கொஞ்சம் பொறு தாயே. பொறுத்தார் பூமி ஆள்வார்.

மைனா

ஜூலை 1

அன்புள்ள மைனா,

பூமியை ஆளும் ஆசை எனக்கில்லை, ஒரு மேஜை கிடைத்தால் போதும். ஆனால் இது சண்டைக் கடிதம் இல்லை. நிதானமாகப் படி.

ஆதாரத்துக்காகப் பழைய நோட்டுகளையும் கண்ணாடிச் சீவல்களையும் எடுத்துவைத்துப் படம் பிடித்துக்கொண்டிருந்தேன். ஏழாம் தொகுதியில் கை நின்றுவிட்டது. தண்ணீரில் மிதக்கும் சீவல் புரண்டால் வலது இடதாகிவிடும் என்றுதானே, சீவுவதற்கு முன்பே மூளையின் வலப் பக்கத்தில் ஊசியால் துளை போடுவேன்? அந்தத் தொகுதியில் ஒரு எலிக்கு மட்டும் இடப் பக்கத்தில் மின்கம்பி வைத்திருந்தோம். அந்தக் கம்பி போன தடம், துளை இருக்கும் பக்கத்திலேயே இருக்கிறது.

துளையை இடப் பக்கம் போட்டிருக்கிறேன். அன்றைக்குத்தான் மூளையை வைக்கும் புதுத் தாங்கி வந்தது. அதில் மூளை குப்புற உட்காரும். பழைய பழக்கத்தில் என் கை அதே பக்கம் போய்விட்டது. அன்று செய்த ஆறு மூளைக்கும் அதே கதைதான். ஆறையும் திருப்பிப் போட்டுக் கணக்குப் பார்த்தேன். நாம் கண்டுபிடித்த வித்தியாசம் பாதிகூட மிஞ்சவில்லை.

தப்பு என்னுடையது. எனக்கு என்மேலேயே ஆத்திரமாக வருகிறது. கட்டுரை வெளியிட்ட இதழுக்கு எழுதித் திருத்தம் போடச் சொல்ல வேண்டும். நாம் இருவரும் சேர்ந்து எழுதுவோமா?

கத்தி

ஜூலை 4

அன்புள்ள தோழிக்கு,

நீ கேட்டுக்கொண்டபடி அறிமுகப் பகுதி இன்று காலையே திருத்தப்பட்டுவிட்டது. இப்போது இப்படி இருக்கிறது: "எலிகளுக்குத் தொடுவுணர்வுப் பயிற்சி அளித்தவர். மூளையைச் சீவுதல், குறியிடுதல், எண்ணுதல் ஆகியவை முழுக்க முழுக்க அவருடைய சக ஆய்வாளரின் பணி." உன் பேரையும் போடச் சொல்லிவிட்டேன்.

இதழுக்கு நீ தனியாகவே எழுதுவதுதான் முறை என்று பேராசிரியர் கருதுகிறார். எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது. உன் நேர்மை எனக்குப் பெருமை.

மைனா

ஜூலை 6

மைனாவுக்கு,

உன் பக்கத்தைப் பார்த்தேன். எழுத்துப் பிழைகூட இல்லை. நாலு மாதம் நகராத படிவங்கள் ஒரே காலையில் நகர்ந்துவிட்டன. மதிப்பீடு செப்டம்பரில் என்றாய். செப்டம்பர் எப்போது வந்துபோனது என்று தெரியவில்லை.

பேர் வரும்போது பங்கு கேட்டேன், உனக்குக் கொடுக்கக் கை வரவில்லை. பழி வந்ததும் மொத்தத்தையும் என் தலையில் கட்டிவிட்டாய். கூடவே பெருமை வேறு படுகிறாய். வெட்கமாக இல்லையா உனக்கு?

முழுக்க முழுக்க என்று போட்டிருக்கிறாயே, அதுவும் பொய். துளையை, கம்பி எந்தப் பக்கம் வைத்தோம் என்று எழுதிய அறுவைக் குறிப்போடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியது உன் பொறுப்பு. ஏழாம் தொகுதியின் பக்கத்தில் 'சரிபார்த்தது' என்ற கட்டத்தில் ஆறு இடத்திலும் உன் கையெழுத்து இருக்கிறது. நீ அன்று பார்த்திருந்தால் அன்றே பிடிபட்டிருக்கும். பார்க்காமலே போட்டிருக்கிறாய். ஜூலை ஒன்றாம் தேதியே இது எனக்குத் தெரியும். நீயாகச் சொல்வாய் என்று நினைத்துத்தான் 'சேர்ந்து எழுதுவோமா' என்று கேட்டேன்.

இதழுக்கு இன்று காலை எழுதிவிட்டேன். என் தப்பை என் பேரில் ஒப்புக்கொண்டிருக்கிறேன். நோட்டின் அந்தப் பக்கத்தையும் படமெடுத்து அதோடு இணைத்திருக்கிறேன். உன் கையெழுத்தை நான் மறைக்கவும் இல்லை, சுட்டிக்காட்டவும் இல்லை. நாளை அந்த மூவர் முன்னால் ஏழாம் தொகுதியையும் சேர்த்தே வைக்கப்போகிறேன். வேலை கிடைக்காமல் போகலாம். மூன்று வருஷம் நான் என்ன செய்தேன் என்று கேட்டார்கள் அல்லவா, அதற்கு இதுவும் சேர்ந்ததுதான் பதில்.

எனக்குப் பதில் போடாதே. எழுதுவதானால் இதழுக்கு எழுது.

கத்தி