ஏட்டுக்கு வசனம் இல்லை

ராசிபுரம், 4 மார்ச் 2024

நாளை சரவணக்குமாரிடம் சொல்ல வேண்டியவை. எழுதிவைத்துக்கொள்ளாவிட்டால் வாய் குழறும்.

1. 1936இல் மேச்சேரிச் சந்தைக் கொலையைத் துலக்கியிருக்கக்கூடியவர் உள்ளூர்ப் போலீஸ் ஏட்டு. வெள்ளைக்காரத் துரை அல்ல.

2. தடயமான ஆட்டின் காதில் அடையாளத்துக்குப் போட்ட வெட்டைப் பார்த்து அது யாருடையது என்று சொல்ல இங்கே வளர்ந்தவனால்தான் முடியும்.

3. வெளிநாட்டில் பார்ப்பவர்களுக்கு இது ஒரு பொருட்டல்ல. ஆகவே வற்புறுத்த வேண்டாம்.

மூன்றாவது நியாயமா, பயமா?

5 மார்ச்

சரவணக்குமார் கல்லூரியில் என்னிடம் வரலாறு படித்தவன். இப்போது அந்தச் சந்தைக் கொலையை வைத்துத் துப்பறியும் தொடர் எடுக்கிறான். நான் வரலாற்று ஆலோசகராம். கதையில் எல்லாவற்றையும் துரையே கண்டுபிடிக்கிறார். ஏட்டு குடை பிடிக்கிறார்.

முதல் குறிப்பைப் பாதி சொல்வதற்குள், "நம்மூருக் கதைதானுங்கய்யா. ஆனா வெள்ளைக்கார மூஞ்சி இல்லீன்னா வெளிநாட்டுல எவனும் பாக்கமாட்டானுங்க" என்றான்.

திருத்தங்களைப் பென்சிலில் எழுதியிருந்தேன். விடைத்தாள் திருத்திய நாளிலிருந்து, சந்தேகம் என்றால் பென்சில், உறுதி என்றால் சிவப்பு மை. அவனுக்கும் அது தெரியும். பக்கங்களைப் புரட்டினான்.

"சிவப்புல ஒண்ணுமே இல்லீங்களே. அப்போ பெருசாத் தப்பில்லைன்னு வெச்சுக்கறனுங்க."

எனக்கு எதிலும் சந்தேகம் இருக்கவில்லை. தலையாட்டினேன்.

6 மார்ச்

"தலைய ஆட்டிப்போட்டு வந்தாச்சாக்கும்" என்றாள் சாலம்மாள். முப்பத்தெட்டு வருடமாக என்னோடு குடித்தனம் செய்கிறவள். கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

19 ஜூன்

வெண்ணந்தூரில் படப்பிடிப்பு. ஏட்டாக நடிக்கும் நாச்சிமுத்து நாடகக்காரர், வயதில் என்னைவிடச் சற்றே இளையவர். குடையை மடக்கிக்கொண்டு பக்கத்தில் வந்தார்.

"ஏனுங்கய்யா, காது வெட்டு ஆடு மேச்ச எங்கய்யனுக்குத் தெரியும். தொரைக்கு எப்படிங்க தெரிஞ்சுது?"

எங்காவது படித்திருப்பார் என்றேன். நான்தான் சொன்னேன் — என் வாயால். அவர் குடையை விரித்துக்கொண்டு தன் இடத்துக்குப் போனார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

12 ஜனவரி 2025

தொடர் வந்துவிட்டது. 'நம் மண்ணின் கதை, உலகத் திரையில்' என்று விளம்பரம். என் பெயர் இரண்டு விநாடி.

2 பிப்ரவரி

இங்கிலாந்தில் லீட்ஸிலிருந்து மகள் இனியா பேசினாள். பக்கத்து வீட்டு வெள்ளைக்கார அம்மாள் எட்டுப் பாகத்தையும் பார்த்தாராம். அப்பாதான் ஆலோசகர் என்று இவள் பெருமையாகச் சொல்லியிருக்கிறாள்.

"ஒண்ணே ஒண்ணுதான்ப்பா கேட்டாங்க. ஊர்க்காரர் குடையோட பக்கத்துலயே நிக்கிறாரே, அவரை ஏன் யாரும் ஒரு வார்த்தை கேக்கலைன்னு. என்னன்னு சொல்லட்டும்?"

சரியாகக் கேட்கவில்லை என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். நன்றாகவே கேட்டது.

போன மார்ச் பக்கத்தை எடுத்துப் பார்த்தேன். முதல் இரண்டும் சரி. மூன்றாவது தவறு. அதை நம்பித்தான் மற்ற இரண்டையும் அழுத்திச் சொல்லாமல் விட்டேன்.