கரடிப் பாதையில் கழற்றிய மணி

அன்பு மகள் வியோரிகாவுக்கு, அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம் என்று தொடங்க மனம் வரவில்லை. வலது கை மாவுக்கட்டில் தொங்குவதால் பாதி நலம் என்று வைத்துக்கொள். நீயும் மாப்பிள்ளை ருஜ்ஜேரோவும் குழந்தை எலியோவும் இத்தாலியில் சுகமாகத்தான் இருப்பீர்கள், அங்கே வழுக்கி விழப் பனி இல்லை. நான் சொல்லச் சொல்ல உன் தங்கை இலிங்கா எழுதுகிறாள். எட்டாம் வகுப்போடு நின்றவள் என்று வாய்க்கு வாய் சொல்கிறாயே, அவள் எழுத்தைப் பார், உன்னுடையதைவிட நிமிர்ந்து நிற்கிறது.

அம்மா பழைய பூட்ஸைப் போட்டுக்கொண்டு வந்து விழுந்தாள் என்று உன் அத்தையிடம் தொலைபேசியில் சொன்னாயாம். அத்தை கோயில் வாசலில் நின்று ஊருக்கே சொல்லியாகிவிட்டது. அதனால் நடந்ததை நடந்தபடி எழுத வைக்கிறேன், படித்துவிட்டு அவளிடமும் சொல்.

நீங்கள் இங்கே வந்திருந்தபோது, கிறிஸ்துமஸுக்கு மறுநாள் கரடிப் பாதைக்குப் போகலாம் என்று எல்லோரையும் கிளப்பியது நீ. வனத்துறைக்காரர்கள் மரத்தில் செதுக்கி வைத்திருக்கும் கரடி, நரி, ஆந்தையை எல்லாம் எலியோ பார்க்க வேண்டும், படம் எடுக்க வேண்டும் என்றாய். சரி என்றேன். நம் ஊரில் காட்டுக்குள் போகிற எந்தப் பிள்ளையும் கழுத்தில் ஆட்டுமணி இல்லாமல் போனதில்லை. நீயும் அப்படி வளர்ந்தவள்தான், உன் மணியைத்தான் அவனுக்குக் கட்டினேன். மணி கரடிக்கும் கேட்கும், பெற்றவளுக்கும் கேட்கும். இந்த வருடம் பனி பிந்தியதில் கரடிகள் சரியாக உறங்கவில்லை என்றும் சொன்னேன். முதல் வளைவு தாண்டவில்லை, மாப்பிள்ளை காதைப் பொத்திக்கொண்டு ஏதோ முணுமுணுத்தார், நீ சிரித்துக்கொண்டே, "எம்புள்ள என்ன ஆட்டுக்குட்டியாம்மா, மணியக் கட்டி மேய்க்கிறதுக்கு" என்று கழற்றிப் பைக்குள் போட்டாய். ஆட்டுக்குட்டி தொலைந்தால் மணியை வைத்துத்தான்டி தேடுவோம், உன் பிள்ளை தொலைந்தால் எதை வைத்துத் தேடுவாய் என்று கேட்டேன். "வாயக் கழுவும்மா" என்றாய். பெற்றவளைப் பார்த்து.

வயிற்றில் பொந்து விட்டுச் செதுக்கிய கரடிப் பொம்மையில் எலியோ கொஞ்ச நேரம் ஏறி விளையாடினான். அடுத்து நரியிடம் வந்ததும் நீ ஆரம்பித்தாய். சந்தையில் கன்றுக்குட்டிக்கு விலை பேசுவதுபோல, "இலிங்காவ எங்கிட்ட அனுப்பிரு, எலியோவப் பாத்துக்கட்டும், இங்க கெடந்தா சாணிதான் அள்ளுவா, அங்க வந்தா உலகத்தப் பாப்பா" என்றாய். உலகத்தைப் பார்ப்பாளா, உன் வீட்டு எச்சில் பாத்திரத்தைப் பார்ப்பாளா என்று நான் கேட்டேன். "நீ மட்டும் என்ன, சம்பளமில்லாத ஆளாத்தான வச்சிருக்கே" என்று நீ கத்தினாய். நானும் கத்தினேன். இலிங்கா நமக்குப் பின்னால் குச்சியால் பனியைக் கிளறிக்கொண்டு நின்றாள். திரும்பிப் பார்த்தால் பிள்ளையைக் காணவில்லை. எந்தப் பக்கம் போனான் என்று சொல்ல ஒரு கிணுகிணுப்புக்கூட இல்லை.

நீ ஒரு பக்கம், மாப்பிள்ளை ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் அவன் பெயரைக் கூவிக்கொண்டு முன்னால் ஓடினோம். ஆந்தைக்குக் கீழே சரிவில் நான் விழுந்தேன், எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. நீ என்னைத் தாண்டி ஓடினாய். அதில் குறை சொல்லமாட்டேன், பிள்ளையைத் தேடுகிறவள் அப்படித்தான் ஓடுவாள். திரும்பி வந்து பூட்ஸைப் பற்றிப் பேசினாயே, அதைத்தான் மன்னிக்கமாட்டேன்.

இலிங்கா கத்தவில்லை. வந்த வழியே திரும்பிப் போய், மரக்கரடியின் பக்கத்தில் பனியில் உட்கார்ந்து, அதன் முதுகில் மெல்லத் தட்டினாளாம். உள்ளே இருந்தும் யாரோ தட்டினார்களாம். "கரடியார் இருக்காரா" என்று இவள் கேட்க, "கரடியார் தூங்குறார், எல்லாரும் சண்ட போடுறாங்க" என்று உன் மகன் சொன்னானாம். நம் சத்தத்துக்குப் பயந்து அந்தப் பொந்துக்குள் சுருண்டிருக்கிறான். அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தவள்தான் பிறகு என்னை, எலியோவுக்காகக் கொண்டுபோயிருந்த சறுக்குவண்டியில் வைத்துக் கீழே இழுத்து வந்தாள். அன்று சாயங்காலம் நான் வலியில் முனகிக்கொண்டு கிடக்க, நீ முட்டைக்கோஸ் இலையில் கறி சுருட்டி வேகவைத்த சர்மாலே சட்டிக்குள் முள்கரண்டியை விட்டபடி, "பாத்தியா, இவகிட்டதான் ஒட்டுறான், அதுக்குத்தான் கேக்குறேன்" என்றாய். உனக்கு வெட்கம் என்பதை நான் ஊட்டவே இல்லை போலிருக்கிறது.

இந்த இடத்தில், இலிங்கா வரமாட்டாள், இனி கேட்காதே என்று எழுதச் சொன்னேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். எழுதுடி என்றேன். மாட்டேன் என்றாள். அந்தச் சொல்லை அவள் வாயில் நான் கேட்டதே இல்லை. தலை நிமிராமலே, "ரெண்டு பேரும் என்னப் பத்தித்தான் கத்துனீங்க, ஒருத்தராச்சும் திரும்பி எங்கிட்டக் கேட்டீங்களா" என்றாள். பிறகு எழுந்து பசு ஜோயானாவைக் கறக்கப் போய்விட்டாள். நான் ஒற்றைக் கையோடு அடுப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பால் வாளியோடு வந்தாள், கை கழுவினாள், சொல்லும்மா எழுதுகிறேன், ஆனால் நான் சொல்வதும் இதில் இருக்க வேண்டும் என்றாள்.

அவள் சொன்னது இது. என் கட்டுப் பிரித்த பிறகு வருவாள். பகலில் எலியோவைப் பார்த்துக்கொள்வாள், அதற்குச் சம்பளம் வேண்டும். சாயங்காலம் பள்ளிக்கூடம் போவாள், அது எங்கே இருக்கிறது என்று விசாரித்து நீதான் சேர்த்துவிட வேண்டும். எலியோவின் அறையில் மடக்குக் கட்டில் போடுவேன் என்றாயே, அதில் படுக்கமாட்டாள், தனி அறை வேண்டும். போகாதே என்று சொல்ல வாயெடுத்தேன். இந்த வீட்டில் இத்தனை வருடமும் அவள் என் கட்டிலின் ஓரத்தில்தான் படுத்தாள் என்பது நினைவுக்கு வந்தது. வாயை மூடிக்கொண்டேன். முடியாதென்றால் நேரில் வந்து அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போ, என்னிடம் சொல்லி அனுப்பாதே.

உன்மேல் கோபம் அப்படியேதான் இருக்கிறது, கட்டோடு சேர்த்துப் பிரித்துவிட முடியாது. இருந்தாலும் கடவுள் உங்கள் மூவரையும் நோய்நொடி இல்லாமல் காக்கட்டும், எலியோ உன்னைப்போல் வாயாடி ஆகாமல் வளரட்டும். கீழே இருக்கும் கிறுக்கல் கையெழுத்து என் இடது கையால் போட்டது.

இப்படிக்கு,
உன் அம்மா பரஸ்கிவா

மறக்காதே, இலிங்காவின் அறைக்குக் கதவு இருக்க வேண்டும். தாழ்ப்பாள் உள்பக்கம்.