கடலிலிருந்து ஏறிய விளக்கு

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் உடம்புக்கு ஒரு குறையுமில்லாமல் இருக்க வேண்டும், இங்கே என் முழங்கால் ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் சொன்னபடி கேட்கிறது. போனில் இந்தப் பேச்சை எடுத்தாலே நீ வைத்துவிடுகிறாய், அதனால் எழுதுகிறேன். கடிதத்தைக் கிழிக்கத்தான் முடியும், கிழித்தால் இன்னொன்று எழுதுவேன், என்னைத் தெரியுமல்லவா உனக்கு.

மாப்பிள்ளை எல்லாம் சொன்னார். அவரைக் கோபித்துக்கொள்ளாதே, நான்தான் தோண்டித் துருவிக் கேட்டேன். சாயங்காலமானால் ஜன்னல் திரையை இழுத்துவிடுகிறாயாம், பால்கனியில் நின்று அது என்ன நட்சத்திரம் என்று கேட்ட குழந்தையைக் கையைப் பிடித்துத் தரதரவென்று உள்ளே இழுத்தாயாம். கடலே இல்லாத ஊராகப் பார்த்துப் போய்க் குடியேறினாய், சரி. ஒன்பது வருஷமாக இந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை, அதையும் பொறுத்துக்கொண்டேன். குழந்தையை ஏன் பயமுறுத்துகிறாய்? அண்ணனைக் கொன்றது நான்தான் என்று தூக்கத்தில் சொல்கிறாயாமே. இதை நான் பொறுக்கப்போவதில்லை.

அந்தச் சாயங்காலத்தை உன்னைவிட நான் அதிகம் மென்றிருக்கிறேன். வானம் முழுக்க மேகம், கடலை ஒட்டி மட்டும் ஒரு கீற்று திறந்திருந்தது, வேறு நட்சத்திரம் ஒன்றுகூடத் தெரியவில்லை. உன் அண்ணனின் படகு வரவேண்டிய நேரம் தாண்டிவிட்டது. நீ மாடியிலிருந்து பார்த்தாய், சிவப்பும் பச்சையுமாக ஒரு வெளிச்சம். துறைமுக விளக்குக் கிடங்கில் வேலை பார்த்தவளின் பெண் நீ. படகின் இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை, இரண்டும் சேர்ந்து தெரிந்தால் படகு நம்மை நோக்கி வருகிறது என்று உனக்கு எழுத்துக்கு முன்னால் அதைத்தான் சொல்லிக்கொடுத்தேன். அண்ணன் வந்துவிட்டான் என்று கத்திக்கொண்டே படித்துறைக்கு ஓடினாய். அதற்குள் மேகம் மூடிவிட்டது, வெளிச்சம் மறைந்தது, முனையைச் சுற்றி அந்தப் பக்கத் துறைக்குப் போய் ஒதுங்கியிருப்பான் என்று துறைமுகத்தில் சொன்னார்கள், தேடிப் போக வேண்டிய மீட்பு லாஞ்சை விடியும்வரை எடுக்கவில்லை, அவன் திரும்பவே இல்லை. வெளியூர்ப் பெண்ணாக இருந்திருந்தால் ஏதோ நட்சத்திரம் என்று சொல்லிவிட்டுத் துணியை மடிக்கப் போயிருப்பாய்.

அது சிரியஸ் என்கிற நட்சத்திரம் என்று உனக்கும் தெரியும், தெரிந்ததால்தான் திரையை இழுக்கிறாய். ஆனால் பெயர் தெரிந்தால் போதாது. நட்சத்திரங்களைப் பற்றிய புத்தகங்களைப் பழைய புத்தகக் கடையில் அலைந்து வாங்கி, புரியாததைப் புரியும்வரை படித்தேன், உன் சித்தப்பா இந்த வயதில் கிழவிக்குப் பரீட்சையா என்று கேலி செய்தார், செய்யட்டும். வெளிச்சத்தை மட்டும் பார்த்துத் தூரம் சொல்லவே முடியாது, பக்கத்தில் இருக்கும் சின்ன விளக்கும் தொலைவில் இருக்கும் பெரிய விளக்கும் கண்ணுக்கு ஒன்றுதான், கிடங்கில் தினமும் பார்த்தது இது. திருவாதிரை சிவப்பாக இருக்கிறதே, அதற்குச் சூடு குறைவு, ஆனாலும் உடம்பு அவ்வளவு பெரிது, அதனால்தான் அத்தனை தூரத்திலிருந்தும் நம் கண்ணை வந்து தொடுகிறது. சிரியஸ் நம் சூரியனைவிடச் சூடு, அதனால் நீலம் கலந்த வெள்ளை, கூடவே நமக்குப் பக்கம், அதனால்தான் ராத்திரி வானத்து நட்சத்திரங்களில் அதற்கு மிஞ்சின பிரகாசம் எதற்கும் இல்லை. அது தானாகக் கண் சிமிட்டுவதும் இல்லை, நிறம் மாறுவதும் இல்லை. கடல்மட்டத்தில் இருக்கும்போது அதன் ஒளி கனத்த காற்றுக்குள் நெடுந்தூரம் நுழைந்து வரவேண்டியிருக்கிறது, அந்தக் காற்றுதான் அதைச் சிவப்பும் பச்சையுமாக உடைத்து உதறுகிறது. நீ சிவப்பையும் பச்சையையும் பார்த்தது நிஜம். உன் கண் பொய் சொல்லவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அன்றைக்கு மீட்பு லாஞ்சு ஓட்டினாரே, அவர் ஓய்வு பெற்றுவிட்டார், இத்தனை வருஷமும் நம் தெருவில் கால் வைக்காமல் சுற்றிப் போகிற மனுஷன். போன வாரம் வழிமறித்து, துறைமுகத் தடுப்புச் சுவர் விளக்கு எங்கள் மாடியிலிருந்து மங்கலாகத் தெரிகிறது, உங்கள் கண்ணால் ஒருமுறை பார்த்துச் சொல்லுங்கள் என்று அழைத்தேன். மாட்டேன் என்று சொல்ல அவருக்கு வழியில்லை. மாடி ஜன்னலுக்கு எதிரே உட்காரவைத்து, வெயில் படுதாவை முக்கால்வாசி இறக்கி, கடலுக்கு மேலே ஒரு சாண் வானம் மட்டும் தெரியும்படி கட்டிவிட்டேன். டீ கொடுத்தேன். விளக்கு நல்லாத்தானே எரியுது என்றார். பிறகு அது வந்தது. அவர் டம்ளரோடு எழுந்து நின்றுவிட்டார். "யாரோ வர்றாங்கம்மா, ரெண்டு பக்க விளக்கும் தெரியுது" என்றார். நான் படுதாவின் கயிற்றை அவிழ்த்தேன். அது தண்ணீரை விட்டு ஏறியது, ஏறிக்கொண்டே போனது, படகு எங்கேயாவது ஆகாயத்தில் ஏறுமா? டீயில் ஆடை படிந்து அப்படியே ஆறிப்போனது. கடலைப் பார்த்தபடியே சொன்னார். "அன்னிக்கி பாப்பா ஓடி வர்றதுக்கு முன்னாடியே நான் பைனாகுலர்ல பாத்துட்டேன். வர்றான்னு நான்தான் முடிவு பண்ணேன். பொண்ணு சொல்லுச்சுன்னு ஊரு பேசினப்ப வாய மூடிட்டு இருந்துட்டேன்."

படித்தாயா? இன்னொரு தரம் படி. லாஞ்சு உன் வார்த்தைக்காக நிற்கவில்லை. அவர் அழுதார், நான் சமாதானம் சொல்லவில்லை, மன்னிப்பு என்பது என் கையில் இருக்கும் சாமான் இல்லை. மறுநாள் காலையில் டீக்கடையில், ஊரோடு சேர்ந்து உன்னைக் குறை சொன்ன உன் சித்தப்பாவுக்கு எதிரே அதே வார்த்தையைச் சொல்லவைத்தேன். சித்தப்பா செய்தித்தாளைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு படித்தார்.

உன்னிடம் ஒன்றை மறைக்க மாட்டேன். அதன் ஒளி இங்கே வந்து சேர எட்டரை வருஷத்துக்குக் கொஞ்சம் மேலே ஆகுமாம். அன்று நாம் பார்த்தது அவன் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தபோது புறப்பட்ட ஒளி. அவன் உயிரோடிருந்த நாளில் கிளம்பிய ஒளி கொஞ்சம் கொஞ்சமாக வந்து, போன வருஷத்தோடு தீர்ந்துவிட்டது. இப்போது வருவதெல்லாம் அவன் போன பிறகு கிளம்பியது. இத்தனையும் படித்தவள்தான் நான், ஆனாலும் அது தண்ணீரிலிருந்து தலைதூக்கும் அந்தக் கொஞ்ச நேரம் எனக்கும் அது படகுதான். கீழே கதவுத் தாழ்ப்பாளைத் திறந்து வைத்துவிட்டு வந்து நிற்கிறேன். மேலே ஏறியதும் போய்ச் சாத்துகிறேன். எந்தப் புத்தகமும் இதற்கு உதவவில்லை.

அதனால் நீ வர வேண்டும், இந்த மாதமே, குழந்தையையும் கூட்டிக்கொண்டு. உனக்கும் மாப்பிள்ளைக்கும் என் ஆசீர்வாதம், பேத்திக்கு இரண்டு கன்னத்திலும் முத்தம், தீர்க்காயுசாக இருங்கள். கம்பளி ஆடை எடுத்து வா, மாடியில் காற்று அதிகம். என் பக்கத்தில் நின்று அது மேலே வந்து, நிதானப்பட்டு, வெள்ளையாகும்வரை பார். அன்றைக்கு நீ பாதியில் இறங்கி ஓடிவிட்டாய், மிச்சத்தை மேகம் மூடிவிட்டது, அதனால்தான் உனக்கு அது இன்னும் கரைக்கு வந்துகொண்டே இருக்கிறது.

சொன்னதிலிருந்து மாறாத
உன் அம்மா