அவர் கையில் கட்டிய கடிகாரம்

நவம்பர் 14, வெள்ளி

விசிட் விசாவில் துபாய்க்குப் போய் மேலப்பாளையம் திரும்பி மூன்று நாளாகிறது. அங்கே வேலை பார்க்கும் என் வீட்டுக்காரருக்கு ஒரு கைக்கடிகாரம் வாங்கினேன். நம்மூரைவிட விலை குறைவு. விசிட் விசாவில் வந்த என் பாஸ்போர்ட்டில் பில் போட்டால், கட்டின வரியும் விமான நிலையத்தில் திரும்ப வரும் என்று கடையில் சொன்னார்கள். விமான நிலைய வாசலில் அதை அவர் கையில் நானே கட்டிவிட்டேன். உள்ளே, வரியைத் திருப்பித் தருமிடத்தில் பொருளைக் காட்டச் சொன்னார்கள். ஊருக்குக் கொண்டுபோகிற பொருளுக்குத்தான் தருவார்களாம். வெறுங்கையோடு விமானம் ஏறினேன்.

இன்று போனில் கேட்டார்: "வரிக் காசு கிடைச்சிட்டா?"

"கிடைச்சிட்டு."

"அப்பம் அடுத்த தடவை வரும்போதும் உன் பாஸ்போர்ட்லயே வாங்குவோம், என்ன?"

சரி என்றுவிட்டேன். அடுத்த தடவை என்று அவர் வாயிலிருந்து வருவது இதுதான் முதல் தடவை. இனி உண்மையை எப்படிச் சொல்ல?