பின்னால் வருகிற நாலு பேர்

செவ்வாய், இரவு.

இன்று செய்ததை யாரிடமும் சொல்ல முடியாது. போன வாரம் டிக்கெட் எடுக்கும் இணையதளத்தில் எனக்கு ஒரு இருக்கை எடுத்துக்கொண்டு, உதியன்குளங்கரையில் பஸ் ஏறி நெய்யாற்றின்கரைக்குப் போனேன். ஐந்து பேராவது இல்லாமல் படம் ஓட்டமாட்டோம் என்று தியேட்டரில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். எந்தப் படம் நல்ல படம் என்று சொல்ல எத்தனையோ தளங்கள் இருக்கின்றன. கூட வர ஆள் காட்டுகிற தளம் ஒன்றையும் காணோம். அந்த எரிச்சலில் இன்று ஐந்து இருக்கைகள் எடுத்தேன். நடுவில் நான், இருபக்கமும் இரண்டிரண்டு.

வாசலில் டிக்கெட் பார்க்கிறவர் என் போனை வாங்கிப் பார்த்தார்.

"மத்த நாலு பேரும் எங்க அக்கா?"

"பின்னால வாறாவ," என்று சொல்லிவிட்டேன்.

உள்ளே வேறு ஒருவரும் இல்லை. நேரமாகியும் படம் தொடங்கவில்லை. அவர் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தபடி நின்றார்.

"போட்டுருங்க அண்ணே. அவிய மெதுவா வரட்டும்."

"அது செரியாவாது அக்கா. தொடக்கம் போச்சுன்னா பின்ன கதை ஒண்ணும் பிடிகிட்டாதாக்கும். பத்து நிமிஷம் பாப்போம்."

நல்ல மனுஷன். அதுதான் தொல்லையாகிவிட்டது. அவர் பார்க்கப் பார்க்க நானும் திரும்பித் திரும்பிக் கதவையே பார்த்தேன். பக்கத்து இருக்கையில் வைத்திருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.