ஏழாம் எண் வீட்டு ஜன்னல்

மார்ச் 3

மேலாளர் இன்று ஒரு கோப்பை என் பக்கம் தள்ளினார். அம்மா இருந்த காலம் முதல் அக்கா குடியிருக்கும் தெரு. வீட்டு வசதி வாரியத்தின் பன்னிரண்டு வாடகை வீடுகளையும் இடித்து அடுக்குமாடி கட்டப் போகிறார்களாம். எங்கள் துறை பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தால் மட்டும் இடிக்க முடியாது.

"அது எங்கக்கா இருக்கற தெரு சார்."

"வேற ஆள் இல்லம்மா. அது என்ன அரண்மனையா? போட்டோ எடுத்துட்டு வா, போதும்."

மார்ச் 5

அரண்மனை இல்லைதான். ஆனால் ஒன்று முதல் ஆறு வரை இரண்டாம் உலகப் போருக்கு முன் கட்டியவை, கருஞ்சிவப்புச் செங்கல். போர் வந்து வேலை நின்றது. முடிந்தபின் அதே வரைபடத்தில் மீதி ஆறு. செங்கல் வெளிறிவிட்டது, இரும்புக்குத் தட்டுப்பாடு, ஜன்னல் சட்டம் பாதித் தடிமன்தான். கூலி வேலை செய்கிறவனுக்கும் தனிப் படுக்கையறை, தனிக் கழிப்பறை, வாசலில் நாலடித் தோட்டம் வேண்டும் என்று யாரோ ஒருவர் உட்கார்ந்து யோசித்திருக்கிறார். அந்த இரண்டு காலமும் ஒட்டுகிற இடம் அக்காவின் ஏழாம் எண்.

எட்டாம் எண்ணில் இருக்கும் ஓய்வுபெற்ற தபால்காரர் கூடவே நடந்து வந்தார். "எனக்கும் இந்தச் சுவர் வயசுதாம்மா. என்னையும் பட்டியல்ல சேத்துக்கோ. முகப்பு மட்டும் கொஞ்சம் மாறியிருக்கு" என்று பல்செட்டைக் கழற்றிக் காட்டினார். சிரித்துக்கொண்டே கேமராவைத் தூக்கினேன்.

அப்புறம் சிரிப்பு வரவில்லை. முகப்பு மாறாத வீடுகள் அடுத்தடுத்து குறைந்தது எட்டு இருக்க வேண்டும் என்பது விதி. ஒன்றும் இரண்டும் கடைகளாகிவிட்டன, பன்னிரண்டில் போர்ட்டிகோவை அடைத்துவிட்டார்கள். மூன்று முதல் பதினொன்று வரை ஒன்பது வீடுகள். நடுவில் ஏழில் பளபளவென்று அலுமினிய ஜன்னல். அந்தப் பக்கம் நாலு, இந்தப் பக்கம் நாலு.

அந்த ஜன்னலை மாட்டியது நான். வேலை கிடைத்த வருடம், என் முதல் சம்பளத்தில். பழைய இரும்பு ஜன்னல் வழியே சாரலும் குளிரும் வந்து அக்காவுக்கு மூச்சிரைப்பு அதிகமாகியிருந்தது.

போட்டோ எடுத்தேன். படிவத்தில் 'மாற்றப்பட்டது' என்று குறித்து அங்கிருந்தே அனுப்பியும் விட்டேன். பதினெட்டு வருடப் பழக்கம், கை தானாகச் செய்துவிட்டது.

மார்ச் 6

சொந்தக் காசில் சூனியம் என்பது இதுதான்.

மார்ச் 9

அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். பின்பக்கம் கூட்டிப்போனாள். அந்தப் பழைய இரும்பு ஜன்னல் அங்கே சாய்த்து வைத்தபடி இருந்தது, மேலே பீர்க்கங்கொடி. "உறுதியா இருக்கேன்னு பந்தலாக்கிட்டேன். தூக்கிப் போட மனசு வரல."

கொடியை அறுத்தோம். துரு இருந்தது, ஆனால் ஒரு கொண்டிகூடக் குறையவில்லை. உட்கார்ந்து அழுதேன். "எதுக்குடி அழற, மாட்டிட்டாப் போச்சு" என்றாள்.

மார்ச் 13

வெல்டர் வந்து மாட்டிவிட்டுப் போனார். தெருவிலிருந்து பார்த்தால் ஒன்பதும் ஒரே வரிசை. தபால்காரர் வெளியே நின்று எண்ணினார். இரண்டு முறை.

மார்ச் 16

மேலாளரிடம் புதிய போட்டோவை வைத்தேன். வெகுநேரம் பார்த்தார்.

"அஞ்சாந்தேதி நீ அனுப்பினதுல அலுமினியம் இருக்கே."

"அதே பழைய ஜன்னல்தான் சார். அந்த வீட்டுக்கே உரியது."

"இருக்கலாம். ஆனா கணக்கெடுப்புத் தேதியில என்ன இருந்துச்சோ அதுதான் செல்லும். அதுவும் உங்கக்கா வீடு. நான் இதை மேல அனுப்பினா உன் வேலைக்கும் ஆபத்து, என் வேலைக்கும் ஆபத்து."

கெட்டவர் இல்லை. அவர் இடத்தில் நான் இருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பேன். அதுதான் தாங்க முடியவில்லை. யாரைத் திட்டுவது? என்ன செய்யட்டும் நான்?

ஏப்ரல் 2

உத்தரவு வந்தது. 'தொடர்ச்சி இல்லை. பட்டியலுக்குத் தகுதியற்றது.' என் படிவத்தின் எண்தான் ஆதாரம்.

ஜூன் 19

மூன்று நாளாக மழை. அக்கா வீட்டுக்குப் போனேன். ஜன்னல் இடுக்கில் பழந்துணி அடைத்திருக்கிறாள், அதையும் மீறி நீர் கசிகிறது. பேச்சுக்குப் பேச்சு இருமல். அலுமினியத்தையே திரும்ப மாட்டலாம் என்றேன்.

"இடிக்கப் போற வீட்டுக்கு எதுக்குடி."

வீட்டையும் காப்பாற்றவில்லை, அவள் நெஞ்சையும் கெடுத்தேன். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காகிவிட்டது. சொன்னால் சிரிக்கிறாள், சிரித்தாலும் இருமல்.

ஆகஸ்ட் 30

அக்கா என் வீட்டுக்கு வந்துவிட்டாள். மூன்று பெட்டி, ஒரு தையல் மெஷின். தபால்காரர் மகன் வீட்டுக்குப் போகிறாராம். முகவரி எழுதிக் கொடுத்தார், பின்கோடை அடிக்கோடிட்டு.

அக்டோபர் 11

இடித்து முடித்துவிட்டார்கள். இடிப்பதற்கு முன் துறை ஒரு ஜன்னலை மட்டும் கழற்றி எடுத்துக்கொண்டது. ஆவணக் கூடத்தில் அந்தக் காலத்து வீட்டுப் பொருள் மாதிரிக்கு ஒன்று வேண்டுமாம். மற்ற வீடுகளில் சுவர் ஈரத்தில் துரு அரித்துவிட்டது. பல வருடம் பந்தலில் காற்றாடக் கிடந்த அக்கா வீட்டு ஜன்னல்தான் நல்ல நிலையில் இருந்தது.

அதற்கான அட்டையை நான்தான் எழுதினேன். 'வீட்டு எண் 7. இரும்பு ஜன்னல். மூல நிலையில் உள்ளது.' மேலாளர் ஒரு கேள்வியும் கேட்காமல் கையெழுத்துப் போட்டார்.

சாயங்காலம் அக்காவிடம் சொன்னேன்.

"சாத்தும்போது ஒரு கிறீச் சத்தம் வருமே, அம்மாகூட அதைக் கேட்டுத்தான் மழைன்னு எந்திரிப்பாங்க. அதையும் எழுதினியா?"

"அதுக்கு அட்டைல இடமில்லக்கா."

"சரி" என்று சொல்லிவிட்டு, என் வீட்டு ஜன்னலைச் சாத்தப் போனாள். அது சத்தமில்லாமல் சாத்திக்கொண்டது.